யாரைக் கேட்டு வந்தீங்க?

"கலையை மக்களிடம் கொண்டு செல்கிறோம்."

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேடையில் பேசுகிறார்கள். அழைப்பிதழில் அச்சடிக்கிறார்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் முதல் வரியாகவே எழுதுகிறார்கள். கொண்டு செல்வதற்குக் கலை என்ன ரேஷன் அரிசியா? அது வந்து சேராததால் மக்கள் என்ன பட்டினியா கிடந்தார்கள்?

முன்னெச்சரிக்கை: நான் பி.காம் மாணவன். கலை விமர்சகன் இல்லை. பரதத்தில் அடவு எத்தனை என்று கேட்டால் முழிப்பேன். எனக்குத் தெரிந்தது வரவு செலவு. ஆகவே இதை ஒரு கணக்குப்பிள்ளையின் புலம்பலாக எடுத்துக்கொண்டு படியுங்கள். அடிக்க வருபவர்கள் கடைசி வரைக்கும் படித்துவிட்டு அடிக்கவும் :-)

*

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். சார்பாக ஒரு வீதி நாடகம் போட்டோம். கடலில் சேரும் பிளாஸ்டிக் பற்றிய நாடகம். ஒரு தொண்டு நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டது. பத்து நாள் ஒத்திகை. எனக்குப் 'பிளாஸ்டிக் அரக்கன்' வேடம். கறுப்புச் சட்டை முழுக்கத் தண்ணீர் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடந்தால் லொட லொட என்று சத்தம் வரும். காமர்ஸ் பையன் என்பதால் கூடவே செலவுக் கணக்கும் என் தலையில்.

ஒரு சனிக்கிழமை காலை செங்கல்பட்டிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனோம். முப்பத்தைந்து பேர். கரையோரம் கூரை போட்ட சிமெண்ட் தரை ஒன்று இருந்தது. நல்ல நிழல், கடல் காற்று, பின்னணியில் படகுகள். போட்டோவுக்கு அருமையான இடம். பறையை அடித்து ஆட்களைக் கூப்பிட்டோம். (பறையும் எங்களுக்கு ஒத்திகையின் மூன்றாம் நாள்தான் கைக்கு வந்தது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.)

நாடகம் ஆரம்பித்து ஐந்து நிமிடம் இருக்கும். வேடத்தில் நின்றபடியே தலைகளை எண்ணினேன். 23 பேர். அதில் 11 பேர் சிறுவர்கள். அவர்களும் என் பாட்டில்களைப் பிடுங்கத்தான் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு படகுகள் கரையேறின. மீன் கூடைகளோடு நாலைந்து பெண்கள் வந்து ஓரமாக நின்றார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து எங்கள் கதாநாயகி குரலை இன்னும் உயர்த்தினாள்.

அப்போதுதான் ஒரு ஆயா கேட்டார்: "ஏம்பா, எப்ப முடிப்பீங்க? மீனு வெயில்ல கெடக்குது."

அது மீன் ஏலம் போடும் இடம். எங்களுக்குத் தெரியாது. யாரையும் கேட்கவில்லை.

உடன் வந்த ஆசிரியர், "பத்தே நிமிஷம்மா. உங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க பசங்க" என்றார்.

ஆயா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்காவா? யாரைக் கேட்டு வந்தீங்க?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. நாடகத்தை வேகமாக ஓட்டி முடித்தோம். கடைசியில் உறுதிமொழி. "கடலில் குப்பை போட மாட்டோம்" என்று அந்த 23 பேரையும் கை தூக்கச் சொன்னோம். தூக்கினார்கள். அவர்கள் தூக்கியதே நாங்கள் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் என்பது என் சந்தேகம். போட்டோ எடுத்தோம். ஏலம் ஆரம்பித்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் கிடந்த குவியலைக் காட்டினார். வலையில் ஏறியது. சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், செருப்பு. "இதுல எது தம்பி எங்க வூட்டுது?" என்றார். மழை பெய்தால் கால்வாய் வழியாக ஊரெல்லாம் கடலுக்கு வருகிறது, விடுமுறை நாளில் சுற்றுலாக் கூட்டத்துடையது வருகிறது. அதை மீனோடு சேர்த்து இழுத்து, மீனிலிருந்து பிரித்து எடுக்கிற ஆளிடம் போய் "கடலில் குப்பை போடாதே" என்று நடித்துக் காட்டியிருக்கிறோம். அதுவும் உடம்பெல்லாம் பாட்டில் கட்டிக்கொண்டு. திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் பொட்டலத்தில் சாப்பாடு, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். அந்த வவுச்சரை ஒட்டியவனும் நான்தான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கல்லூரிப் பசங்க அசடு வழிவது புதிதில்லை. அடுத்த வாரம் நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை போக வேண்டும். 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். 23 என்று எழுதினேன். "என்னப்பா இது, 150-னு போடு" என்றார்கள். போட்டேன். என் கையால் டைப் அடித்தேன்.

இந்தக் கட்டுரை அந்த 150-க்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. பொருளைப் பயன்படுத்துகிறவர் வேறு, வாங்குகிறவர் வேறாக இருக்கலாம். குழந்தைக்கு வாங்கும் பால் பவுடர் மாதிரி. விளம்பரம் அம்மாவைப் பார்த்துத்தான் பேசும், குழந்தையைப் பார்த்து இல்லை. ஏனென்றால் பில் அம்மா பெயரில்.

எங்கள் நாடகத்தின் பில் யார் பெயரில்? தொண்டு நிறுவனத்தின் பெயரில். அதற்கும் மேலே ஏதோ ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி. அப்படியானால் எங்கள் நிஜமான பார்வையாளர் யார்? அந்த அறிக்கையைப் படிக்கப் போகிறவர். குப்பத்துச் சனங்கள் எங்கள் பார்வையாளர்களே இல்லை. அவர்களும் நடிகர்கள்தான். சம்பளம் இல்லாத துணை நடிகர்கள். அவர்களுக்கான வேடம் 'பயனாளி'. வசனம் எதுவும் கிடையாது, கை தூக்கினால் போதும்.

இதைத்தான் நான் குற்றச்சாட்டாக வைக்கிறேன். சமூகத்துக்காகக் கலை செய்கிறோம் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வையாளர் மீது அன்பு இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்வையாளருக்கு அவர்கள் மீது எந்த அதிகாரமும் இல்லை. கூப்பிடும் அதிகாரம் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லை, பாதியில் நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் அன்பு என்பது தர்மம் போடுவது. தர்மம் வாங்குகிறவன் பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியுமா?

*

இப்போது அதே மண்ணில் இன்னொரு கணக்கைப் பாருங்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரமே கிடையாது. அக்னி வசந்த விழா என்று வந்தால் மதியம் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. நம்மில் பாதிப் பேர் சின்ன வயதில் பாயைப் போட்டுத் தூங்கியபடி அதைப் பார்த்தவர்கள்தான். யார் நடத்துகிறார்கள்? ஊர். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூல். பெரியவர்கள் நாலு பேர் கிளம்பிப் போய், எந்த ஜமா நன்றாக ஆடுகிறது என்று விசாரித்து, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்து, எந்த ராத்திரி எந்த நாடகம் என்று பேசி முடிக்கிறார்கள். துரியோதனன் வேஷத்துக்கு இன்னார்தான் வர வேண்டும் என்று கேட்கிற ஊர்கள் உண்டு.

இங்கே பில் பார்வையாளர் பெயரில் இருக்கிறது. அதனால் என்ன ஆகிறது? விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை மூன்று மணிக்கே சுருட்டினால் ஊர் கேள்வி கேட்கும். பாட்டு சரியில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஜமாவுக்கு வெற்றிலை போகும். கட்டியக்காரன் என்று ஒரு பாத்திரம் வருமே, அவன் வேலை என்ன? ராஜாவின் வசனத்தை நம் பாஷையில் மொழிபெயர்ப்பது, ராஜாவைக் கிண்டல் செய்வது, நேரம் கிடைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவரையும் ஒரு இடி இடிப்பது. காசு கொடுத்தவனையே கிண்டல் செய்யும் உரிமை கூத்தாடிக்கு உண்டு, கூத்தாடியைக் கேள்வி கேட்கும் உரிமை காசு கொடுத்தவனுக்கு உண்டு. இதற்குப் பெயர்தான் தொடர்பு. இந்த நாடகக் கோட்பாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, பார்வையாளர் பங்கேற்பு, அது இது என்று. நம் ஊரில் அதற்குப் பெயரே வைக்கவில்லை. அவ்வளவு சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

அர்ச்சுனன் தபசு கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாசுபதம் பெறத் தவம் செய்யப் போகும் அர்ச்சுனன் நிஜமாகவே உயரமான ஒரு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறான். கரணம் தப்பினால் மரணம். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி, பூ என்று வீசுகிறான். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திக் காத்திருக்கிறார்கள். மரத்தில் இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர்தான், பகலில் நிலத்தில் வேலை செய்பவராகவும் இருக்கலாம். அது அந்தப் பெண்களுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பழம் அவர்களுக்கு நாடகப் பொருள் அல்ல. படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் யார் நடிகர், யார் பார்வையாளர் என்று கோடு போட்டுப் பிரியுங்கள் பார்க்கலாம்.

பலன் வேண்டும் என்று நான் பிரச்சாரம் செய்யவில்லை. எனக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது. பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே பணயம் வைக்க ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது மாமல்லபுரத்துக்கு வருவோம். சுமார் 96 அடி நீளம், 43 அடி உயரப் பாறையில் பல்லவர்கள் செதுக்கிய அதே அர்ச்சுனன் தபசு. (அர்ச்சுனன் இல்லை, பகீரதன் என்று சொல்வோரும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.) 1990-களில் தொடங்கி சுற்றுலாத்துறை டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாட்டிய விழா நடத்துகிறது. இந்தப் பாறையையும் பிற்பாடு கடற்கரைக் கோயிலையும் பின்னணியாக வைத்து. பரதம், கதகளி, ஒடிசி, குச்சிப்புடி. கூடவே கிராமியக் கலைகளுக்கும் இடம் தருகிறார்கள். ஆடுபவர்களின் உழைப்பைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நானும் போயிருக்கிறேன், வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். பாறையில் இருக்கும் அர்ச்சுனன் இங்கே வெறும் திரைச்சீலை. நாற்காலியில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான், ஜெர்மனியிலிருந்து வந்தவரோ சென்னையிலிருந்து வந்தவரோ. காலி நாற்காலியாக இருந்தாலும் ஆட்டம் அப்படியேதான் நடக்கும். அரை மணி நேரத் துணுக்காக மேடையேற்றப்படும் கிராமியக் கலைக்கு அங்கே யாரோடு பேச்சு? அறிவிப்பாளர் 'இது எங்கள் மண்ணின் கலை' என்கிறார். மண்ணின் கலைஞர் இருபது நிமிடத்தில் இறங்கிப் போகிறார். ஆட்டத்தைச் சோதிக்கிற ஆள் ஒருவர்கூட எதிரில் இல்லை.

*

சரி, எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன். என் நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் பேசியபோது அவன் கேட்டவை. நியாயமானவை.

கேள்வி ஒன்று: "ஊர் ஊர்னு புல்லரிக்கிறியே, ஊர்னா யாரு? சேரி அதுல உண்டா?"

வலிக்கிற கேள்வி, வலிக்கத்தான் வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விடாத பிரச்சினையில் 2023 ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்றம் வரை போய்த்தான் பிறகு திறந்தது. நான் மேலே உருகி உருகி எழுதினேனே, அதே திரௌபதி. பல ஊர்களில் தலித் குடும்பங்களிடம் திருவிழா வரி வாங்கவே மாட்டார்கள். வெளியாள் ஒருவர் இதைப் பார்த்து 'பாவம், சலுகை தருகிறார்கள்' என்று நினைக்கலாம். வரி வாங்கவில்லை என்றால் உனக்கு இதில் பங்கில்லை என்று அர்த்தம். நமது மண்ணில் வரி கட்டுவது கேள்வி கேட்கும் உரிமைக்கான ரசீது. ரசீது கொடுக்க மறுப்பதுதான் தீண்டாமையின் கணக்கு முறை.

ஆக, கூத்து சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த அநியாயமே என் வாதத்துக்குச் சாட்சி. காசு கொடுக்கும் உரிமைக்காக மனிதர்கள் போராடுகிறார்கள் என்றால், இலவசமாகத் தருகிறோம் என்று வருகிற நம் நாடகம் அவர்களுக்கு என்ன கொடுத்துவிடுகிறது?

கேள்வி இரண்டு: "பார்வையாளன்தான் காசு தரணும்னா, போராட்டக் கலையே செத்துடும். கூலித் தொழிலாளிகிட்ட டிக்கெட் வாங்குவியா?"

இதற்கு ஒரே ஒரு பெயர் போதும். சஃப்தர் ஹஷ்மி. 1988 நவம்பரில் டெல்லியைச் சுற்றியுள்ள தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜன நாட்டிய மஞ்ச் குழு அவர்களுக்காக நாடகம் போட்டது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அந்த நாடகத்தை மாற்றி எழுதி 'ஹல்லா போல்' என்று அதே தொழிலாளர் பகுதிகளுக்குத் திரும்பப் போனார்கள். 1989 ஜனவரி 1, சாகிபாபாத் பக்கம் ஜண்டாப்பூரில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டார்கள். ராம் பகதூர் என்கிற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் ஹஷ்மி இறந்தார். ஜனவரி 4 அன்று, அவர் மனைவி மலயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுதாக ஆடி முடித்தார்கள்.

என் அறிக்கையில் இருந்த 150 பேரையும் அந்த ஜனவரி 4 கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே டிக்கெட் இல்லைதான். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் ஏற்கெனவே நடத்திய போராட்டத்துக்குள் நாடகம் போயிருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் நாடகமும் கேட்டது. விலையை இரண்டு பக்கமும் சேர்ந்து கொடுத்தார்கள், ரத்தமாக.

நம் கடற்கரையிலேயே இதற்கு ஒரு தொடர்பு உண்டு. மேடையையும் டிக்கெட் கவுண்டரையும் விட்டு வெளியேறி, பார்வையாளர் நடுவிலேயே நாடகம் போட்ட வங்காளத்து பாதல் சர்க்கார் 1980-இல் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பயிற்சிப் பட்டறை நடத்தினார். தமிழில் வீதி நாடகம் வேர் பிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது அந்த வரலாற்றை நினைத்தால், நாங்கள் போட்ட நாடகத்தை 'வீதி நாடகம்' என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீதியில் போட்டோம், அவ்வளவுதான்.

கேள்வி மூன்று: "அறிவொளி இயக்கம் அரசாங்கக் காசுதானே? அது ஜெயிக்கலையா?"

ஜெயித்தது. இங்கேதான் என் 'பில் யார் பெயரில்' தியரியில் ஓட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளிக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடின, ஆடின. காசு அரசினுடையது. புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஏன் அது எங்கள் நாடகம் மாதிரி ஆகவில்லை? பாடியவர்களில் பலர் அந்த மாவட்டத்து ஆசிரியர்களும் இளைஞர்களும். பாட்டு முடிந்த மறுநாள் அதே தெருவில் லாந்தர் வெளிச்சத்தில் வகுப்பு. கற்றுக்கொடுத்தவரும் உள்ளூர்த் தொண்டர்தான். பாட்டில் சொன்னது பொய் என்றால் மறுநாளே ஆளைப் பிடித்துக் கேட்கலாம். சைக்கிளோ, கலைக்குழு கொண்டுபோன செய்தியைத் தாண்டிப் பெண்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டது.

ஆகவே தியரியைத் திருத்திக்கொள்கிறேன். காசு ஒரு வழி. இன்னொரு வழி, திரும்ப வருவது. இரண்டுமே இல்லாதவர்கள்தான் பிரச்சினை.

கேள்வி நாலு: "டி.எம்.கிருஷ்ணா ஊரூர் ஆல்காட் குப்பத்துல கச்சேரி வச்சாரே, அதையும் திட்டுவியா?"

2015-இல் பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்தில் அவரும் நித்யானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் ஆரம்பித்த விழா, பிற்பாடு சென்னைக் கலைத் தெரு விழா ஆனது. திட்ட மாட்டேன். அங்கே கர்நாடக சங்கீதம் மட்டும் போகவில்லை. பறை, கூத்து, வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே மேடையில் வந்தன. சபாவை விட்டு வெளியே வராத ஆட்களைக் குப்பத்து மணலில் உட்கார வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த விழாவின் நிஜமான பார்வையாளர் குப்பத்துக்காரர் இல்லை, மயிலாப்பூர்க்காரர். திருத்த வேண்டியவரும் அவர்தானே! ஒரே வருஷத்தோடு ஓடிப் போகாமல் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதும் உண்மை. என் எரிச்சல் அதைப் பற்றி எழுதியவர்கள் மேல்தான். 'குப்பத்துக்குச் சென்றது கர்நாடக இசை' என்று. ஏதோ அதுவரை அங்கே பாட்டுச் சத்தமே கேட்காத மாதிரி.

*

பார்வையாளரே வேண்டாம் என்கிற ஒரு நிகழ்வும் இதே கரையில் வருஷா வருஷம் நடக்கிறது. மாசி மகம். பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, புடவையாலும் துணியாலும் குடில் போட்டுத் தங்குகிறார்கள். பௌர்ணமி. விடியற்காலையில் மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். சாமி வருகிறது, குறி சொல்கிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள், அங்கேயே தாலியும் கட்டுகிறார்கள்.

நான் ஒரு முறை விடிகாலையில் போயிருந்தேன். கும்பிடும் ஒரு குடும்பத்தைச் சுற்றிக் கேமராக்கள். 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா' என்று ஒருவர். என் கையிலும் செல்போன். ஒரு நொடி யோசித்தேன். என் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குள் யாராவது இப்படி நுழைந்தால்? பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஆனால் சமூக அக்கறை உள்ள கலைஞர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதானோ என்று தோன்றுகிறது. சில இடங்களில் நமக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் நாம் 'தொடர்பு' தேவைப்படவில்லை.

*

திட்டிக்கொண்டே இருந்தால் போதுமா, தீர்வு என்ன என்று கேட்பீர்கள். என்னிடம் உள்ளது கணக்குப்பிள்ளைத் தீர்வு.

முதலாவது, காசைக் கலைஞரிடம் கொடுக்காதீர்கள், ஊரிடம் கொடுங்கள். வீதி நாடகத்துக்கு ஒதுக்கும் தொகையைக் குப்பத்து ஊர்க்கூட்டத்தின் கையில், பெண்களும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் கொடுத்துவிட்டு, 'உங்களுக்கு வேண்டிய கலைஞரை நீங்களே கூப்பிடுங்கள்' என்று சொல்லுங்கள். அவர்கள் ரெக்கார்டு டான்ஸ் வைத்தால்? வைக்கட்டும். கூத்து ஜமாக்கள் வருஷா வருஷம் ஆர்க்கெஸ்ட்ராவோடு போட்டி போட்டுத்தான் பிழைக்கிறார்கள். நீங்களும் போட்டி போடுங்கள். தோற்றால் நியாயமாகத் தோற்றீர்கள்.

இரண்டாவது, நேரமும் இடமும் அவர்கள் சொல்வது. ஏலம் எப்போது, பாடு எப்போது, மார்க்கெட்டுக்குப் போன பெண்கள் திரும்புவது எப்போது என்று தெரியாதவருக்கு அங்கே நாடகம் போட உரிமை கிடையாது.

மூன்றாவது, உறுதிமொழியை ஒழியுங்கள். வேண்டுமானால் நீங்கள் எடுங்கள். அவர்கள் கேட்கட்டும், நீங்கள் கை தூக்குங்கள்.

நான்காவது, அறிக்கையில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை' கட்டத்தை அடித்துவிட்டு இரண்டு கேள்விகள் போடுங்கள். 'அவர்கள் உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்?' 'மறுபடியும் எப்போது போகிறீர்கள்?' இந்த இரண்டுக்கும் பதில் எழுத முடியாதவருக்கு அடுத்த தவணை கிடையாது.

மாமல்லபுரத்துப் பாறையில் அர்ச்சுனனை எல்லோரும் பார்க்கிறோம். கீழே ஒரு பூனையும் தவம் செய்யும். முன்கால்களைத் தூக்கிக் கும்பிட்டபடி, சாட்சாத் முனிவர் மாதிரியே. சுற்றி எலிகள் பக்தியோடு நிற்கும். பல்லவச் சிற்பி அப்போதே நம்மையெல்லாம் பார்த்துவிட்டான் போல. பூனையும் தவம் போலத்தான் நிற்கிறது. வித்தியாசம், அது எதற்காக நிற்கிறது என்பதில்தான்.

*

நான் அந்தக் குப்பத்துக்கு மறுபடி போனேன். அடுத்த மாதம், தனியாக, பஸ் பிடித்து. மன்னிப்புக் கேட்கலாம் என்று மனதுக்குள் ஒரு வசனம் கூடத் தயார் செய்திருந்தேன். ஆயா ஏலக் கூடத்து ஓரத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார். "ஆயா, அன்னிக்கு நாடகம் போட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எந்த நாடகம்?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "ஆங், அன்னிக்கு ஏலம் லேட்டு. என் சங்கரா எல்லாம் வாடிப் போச்சி. வெலையே வரல."

நாடகத்தில் என்ன சொன்னோம் என்பது அவருக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. நஷ்டம் மட்டும் ஞாபகம் இருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை, சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

எங்கள் செலவுக் கணக்கில் பஸ் வாடகை இருந்தது, பேனர் இருந்தது, பாட்டில் தண்ணீர் இருந்தது. அந்த சங்கரா மீன் மட்டும் எந்த வவுச்சரிலும் ஏறவில்லை.